வலிக்காத மொழியில் சொன்ன கதைகள்

கையை உயர்த்தியபடி நின்று தொலைவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிலையின் பெயரைச் சொல்லுங்கள்.

சீனமும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்களிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டார்கள் வியொரிகா மரியன், மார்கரிட்டா கௌஷான்ஸ்கயா என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள். ஆங்கிலத்தில் கேட்டபோது சுதந்திர தேவி சிலை என்ற பதில் அதிகம் வந்தது. சீனத்தில் கேட்டபோது மாவோ சிலை என்ற பதில் கூடியது. 2007-இல் வெளிவந்த ஆய்வு இது. இரண்டு பதிலும் சரிதான். மாவோவும் கையை உயர்த்திக்கொண்டுதான் நிற்கிறார், சீனாவின் எத்தனையோ சதுக்கங்களிலும் பல்கலைக்கழக வாசல்களிலும். கேட்கப்படுபவருக்கு இரண்டு சிலையுமே தெரியும். எது முதலில் நாவுக்கு வருகிறது என்பதைக் கேள்வியின் மொழி நகர்த்திவிடுகிறது.

இதே மரியன், உல்ரிக் நைசருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்வும் உண்டு. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இளைஞர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதைக் கேட்டதும் நினைவுக்கு வரும் சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பேட்டி ரஷ்ய மொழியில் நடந்தால் ரஷ்ய மொழியில் வாழ்ந்த காலத்துச் சம்பவங்கள் அதிகம் வந்தன. ஆங்கிலத்தில் நடந்தால் ஆங்கிலம் பேசி வாழ்ந்த காலத்தவை. ஒரு சம்பவம் மனதில் பதியும்போது அதன் வாசனை, வெளிச்சம், இடம் எல்லாம் கூடவே பதிகின்றன. அப்போது காதில் விழுந்த மொழியும் அப்படியே பதிகிறது. பிற்பாடு அந்த மொழி ஒலிக்கும்போது சம்பவம் எளிதாக மேலே வருகிறது.

இது உண்மையென்றால் ஒரு புதிர் எழுகிறது. மாவோ காலத்திலும் அதன் பின்னும் சீனாவில் வளர்ந்து அமெரிக்கா போனவர்களில் சிலர், சீன வாழ்க்கையைப் பற்றி அருமையான சிறுகதைகள் எழுதியிருக்கிறார்கள். ஹா ஜின், யியுன் லீ இருவரும் அவர்களில் முக்கியமானவர்கள். இருவருமே எழுதியது ஆங்கிலத்தில், அதுவும் வளர்ந்தபின் கற்ற ஆங்கிலத்தில். பழைய நினைவைத் திறக்கச் சீனமே நல்ல சாவி என்று ஆய்வு சொல்கிறது. இவர்கள் அந்தச் சாவியைக் கீழே வைத்துவிட்டு எழுதினார்கள். ஏன்?

சந்தைக் கணக்கு ஒரு பதில். ஆங்கிலத்தில் எழுதினால் வாசகர் அதிகம், சீனாவில் இந்தக் கதைகளை அச்சிடுவதும் கடினம். ஹா ஜின் விஷயத்தில் இதில் கனம் இருக்கிறது. 1956-இல் பிறந்தவர், 14 வயது வாக்கில் படையில் சேர்ந்து சோவியத் எல்லையில் காவல் நின்றவர், 1985-இல் இலக்கியம் படிக்க அமெரிக்கா வந்தவர். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி ஆசிரியர் வேலை பார்ப்பதுதான் திட்டம். 1989 ஜூனில், தான் பணியாற்றிய அதே படை பெய்ஜிங் தெருக்களில் மக்களைச் சுட்டதைக் கண்டபின் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் அமெரிக்காவிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க 1992-இல் தனிச் சட்டமே வந்தது. ஊரில் அச்சேற வழியில்லாத எழுத்தாளர் வேறு மொழிக்குப் போவது இயல்பு.

ஆனால் இந்தப் பதில் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதைகளுக்குள்ளேயே வேறொரு பதில் இருக்கிறது. அதை ஆய்வகங்களில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

யியுன் லீ 1972-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். தந்தை அணு இயற்பியலாளர், தாய் ஆசிரியை. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து, 1996-இல் நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்தார். ஆய்வகத்தை விட்டுவிட்டுக் கதை எழுதப் போனார். 2005-இல் வந்த முதல் தொகுப்பு, அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட ஃபிராங்க் ஓகானர் சர்வதேசச் சிறுகதை விருதைப் பெற்றது. 'ஆயிரம் ஆண்டுகளின் நல்ல பிரார்த்தனைகள்' என்று பொருள்படும் அதன் தலைப்புக் கதையைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும்.

ஷீ என்ற முதியவர். ஓய்வுபெற்ற ராக்கெட் விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்பவர். விவாகரத்தான மகளைப் பார்க்க அமெரிக்கா வருகிறார். தினமும் விதவிதமாகச் சமைத்து வைக்கிறார். மகள் இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில். ஒருநாள் அவள் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்கிறார். குரல் உயர்கிறது, சிரிக்கிறாள், வெட்கமில்லாமல் பேசுகிறாள். இப்படி ஒரு பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. பிறகு நடக்கும் வாக்குவாதத்தில் மகள் காரணம் சொல்கிறாள்: உணர்ச்சியை வெளியே சொல்லாத ஒரு மொழியில் வளர்ந்தவள் தான்; புது மொழி கிடைத்ததும் அதில் பேசுவது சுலபமாகிவிட்டது, அந்த மொழி தன்னைப் புது ஆளாக்கிவிட்டது.

இந்த இடத்தில் ஆய்வகத்துக்குப் போவோம்.

நம் விரல் நுனிகளில் நுண்ணிய வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. மனம் திடுக்கிடும்போது பரிவு நரம்பு மண்டலம் அவற்றைத் தூண்டிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈரம் கசிகிறது. ஈரம் கூடினால் தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். இரண்டு விரல்களில் மின்வாய் மாட்டி, உணரவே முடியாத மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் அந்தத் திடுக்கிடலை அளந்துவிடலாம். மனிதர் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் விரலின் ஈரத்தை அடக்க முடியாது. பொய்யறியும் கருவியின் ஒரு பாகம் இதுதான்.

பாஸ்டனில் கேத்தரின் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கருவியைத் துருக்கியர்களின் விரல்களில் மாட்டினார்கள். அவர்கள் துருக்கிய மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தைப் பின்னாளிலும் கற்றவர்கள். இரண்டு மொழியிலும் சொற்களைக் கேட்கச் செய்தார்கள். மேசை, கதவு போன்ற சாதாரணச் சொற்கள், கெட்ட வார்த்தைகள், சின்ன வயதில் பெரியவர்கள் திட்டும் வசவுகள். 2003-இல் வெளிவந்த முடிவு இது: தாய்மொழியில் விழுந்த வசவுக்கு விரல்கள் நன்றாக ஈரமாயின. அதே வசவு ஆங்கிலத்தில் வந்தபோது உடம்பு அந்த அளவுக்கு அசையவில்லை. பொருள் ஒன்றே, கேட்பவர் முழுதாகப் புரிந்துகொள்கிறார், ஆனாலும் அடி விழவில்லை. அடுத்த ஆண்டு ஹாரிஸ் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், சிறு பிராயத்திலேயே இரண்டு மொழியும் கற்றவர்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. குழந்தை மொழி கற்கும் அதே ஆண்டுகளில்தான் பயம், வெட்கம், பாசம் என்றால் என்ன என்பதையும் கற்கிறது. சொல்லும் உணர்ச்சியும் ஒரே நேரத்தில் பின்னிக்கொள்கின்றன. வகுப்பறையில் கற்ற மொழியில் அந்தப் பின்னல் இல்லை. அங்கே திட்டுகிற சொல்லும் பாடப்புத்தகச் சொல்தான்.

ஹாரிஸ் குழு பின்னாளில் சீன மாணவர்களிடமும் ஆய்வு செய்தது. தாய்மொழியில்தான் உணர்ச்சி அழுத்தம் அதிகம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் உணர்ச்சியை வெளிப்படுத்த ஆங்கிலமே வசதி என்றும் சொன்னார்கள், ஆங்கிலச் சூழலில் கட்டுப்பாடு குறைவு என்பதால். லீயின் கதையில் மகள் தந்தையிடம் சொன்னது ஏறக்குறைய இதேதான். கதை முதலில் வந்தது, ஆய்வு பின்னால் வந்தது.

மொழி ஆறும்போது தீர்ப்பும் மாறுகிறது. பாய்ந்துவரும் ரயிலின் முன்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள், பாலத்தின் மேல் நிற்கும் ஒருவரைத் தள்ளிவிட்டால் ரயில் நின்று ஐவரும் பிழைப்பார்கள், தள்ளுவீர்களா? ஆல்பர்ட் கோஸ்டா குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழியில் கேட்டபோது தள்ளுவேன் என்றவர்கள் 20 சதவீதம். பின்னாளில் கற்ற மொழியில் கேட்டபோது 33 சதவீதம். காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உணர்ச்சி குறைவதால் என்கிறார்கள் சிலர், அன்னிய மொழியில் மெதுவாக யோசிப்பதால் என்கிறார்கள் சிலர். ஒரு கதாசிரியருக்கு இரண்டுமே லாபம்தான் என்று நினைக்கிறேன். கொதிக்கும் விஷயத்தை எழுத உட்காருபவருக்குக் கை சுடாத தூரமும் வேண்டும், நிதானமும் வேண்டும்.

ஆனால் எல்லாத் தாய்மொழியும் ஒரே மாதிரி சுடுவதில்லை. சீனத்துக்கு அந்த ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மனம் திறந்து பேசுங்கள், குறைகளைச் சொல்லுங்கள் என்று 1956-57-இல் கம்யூனிஸ்ட் கட்சி மக்களை அழைத்தது. பேசினார்கள். சில மாதங்களில் காற்று திரும்பியது. 5.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வலதுசாரிகள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். வேலை போயிற்று, பலர் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1966-இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபின் பேச்சுக்கே சடங்கு வந்துவிட்டது. அலுவலகத்திலும் பள்ளியிலும் சுயவிமர்சனக் கூட்டங்கள் நடந்தன. எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று தன் குற்றங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்த வாக்குமூலம் போதவில்லை என்றால் மறுபடி எழுத வேண்டும். முந்தையதில் இல்லாத ஒன்று புதியதில் இருந்தால் அதுவே அடுத்த விசாரணைக்கு வழி. மனைவி கணவனைப் பற்றியும் பிள்ளைகள் பெற்றோரைப் பற்றியும் பேசியாக வேண்டியிருந்தது. சுவர்களில் பெரிய எழுத்துச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, மனிதர்களின் பெயரோடு. நகரத்து இளைஞர்கள் ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1976-இல் மாவோ இறக்கும்வரை இது ஓயவில்லை.

உள்ளத்தைத் திறந்து பேசு என்பது அந்த மொழியில் ஓர் ஆணையாகவே ஆகிவிட்டது. அப்படிப்பட்ட மொழியில் மனம்விட்டுப் பேசும் கதையை எப்படி எழுதுவது?

ஷீயின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. அவர் ராக்கெட் விஞ்ஞானியாக நெடுநாள் இருந்தவரே இல்லை. இளவயதில் அவர் வேலை பார்த்த இடத்தில் பழங்காலக் கணினிக்கு அட்டையில் துளையிடும் ஒரு பெண் இருந்தாள். அந்தக் கணினிகள் தகவலை வாங்கியது அப்படித்தான். கெட்டி அட்டையில் இடம் பார்த்துத் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். இருவரும் இடைவேளைகளில் பேசிக்கொண்டார்கள். வெறும் பேச்சு. அதற்கு மேல் எதுவும் இல்லை. நிர்வாகம் அதைக் கள்ளக் காதல் என்றது. தவறை எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டால் வேலை நிலைக்கும் என்றது. செய்யாத தவறை ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார். பதவி பறிபோய்க் கடைநிலை வேலைக்குத் தள்ளப்பட்டார். வேலை ரகசியமானது என்ற சாக்கில் வீட்டில் வாய் திறக்காமல் ஆயுளைக் கழித்தார். அந்த மௌனத்தில் வளர்ந்த மகள்தான் இப்போது அவரோடு பேச மறுக்கிறாள். ஒரு குடும்பத்துக்குள் அரசியல் எப்படிப் புகுந்து உட்கார்கிறது என்பதை இவ்வளவு சின்ன இடத்தில் காட்டிய கதைகள் குறைவு. கதையில் ஓர் ஊர்வலம் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை. ஒப்புக்கொள்ளாத ஒரு வாக்குமூலமும் அதன் பின்விளைவும் மட்டும்தான்.

இந்த உண்மையை ஷீ யாரிடம் சொல்கிறார்? பூங்காவில் தினமும் சந்திக்கும் ஓர் ஈரானிய மூதாட்டியிடம். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, இவருக்கும் அரைகுறை. அவர் பாரசீகத்தில் பேசுவார், இவர் சீனத்தில் பேசுவார். ஆயுள் முழுக்க யாரிடமும் சொல்லாததை ஷீ தன் தாய்மொழியிலேயே சொல்கிறார், அந்த மொழி தெரியாத ஒருவரிடம். மகளுக்குப் புதிய மொழி அடைக்கலம் தந்தது. தந்தைக்குப் புரியாத செவி தந்தது. தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லீ தன் விஷயத்தில் மகளின் வழியைத்தான் தேர்ந்துகொண்டார். தன் நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்க்க அவர் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. தாய்மொழியைத் துறந்ததைப் பற்றி 2017-இல் ஒரு கட்டுரையே எழுதினார். துரோகம் என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு இன்னோர் ஆய்வைச் சொல்ல வேண்டும், சீனர்களைப் பற்றியதல்ல.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் போன யூதர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஜெர்மன் மொழியில் தந்த பேட்டிகளை மோனிகா ஷ்மித் அலசினார். யாருடைய ஜெர்மன் அதிகம் தேய்ந்திருக்கிறது, ஏன்? சின்ன வயதில் போனவர்களுடையது தேய்ந்திருக்கும் என்றோ, புழங்காமல் விட்டவர்களுடையது தேய்ந்திருக்கும் என்றோதான் நாம் நினைப்போம். அவர் கண்டது வேறு. 1933-ஐ ஒட்டி, கொடுமை தொடங்கும் நேரத்திலேயே வெளியேறியவர்களின் ஜெர்மன் நன்றாகவே இருந்தது. 1938 நவம்பரில் வழிபாட்டுக் கூடங்கள் எரிக்கப்பட்டதைக் கண்டபின் வெளியேறியவர்களின் மொழிதான் மிகவும் சிதைந்திருந்தது. அந்த மொழியில் எவ்வளவு கொடுமை பட்டார்கள் என்பதே வயதைவிடவும் ஆண்டுக் கணக்கைவிடவும் பெரிய காரணமாக இருந்தது. தாய்மொழியை விட்டு விலகுவது சோம்பலோ பெருமையோ அல்ல, காயத்தைத் தொடாமல் இருக்க மனம் செய்யும் வேலை. அதைப் பார்த்தபின் யாரையும் மொழிக்குத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விட்ட மொழி எங்கே போகிறது? முழுதாக அழிந்துவிடுகிறதா?

சீன அரசியலே இதற்கு ஒரு சோதனையை, கொடூரமான முறையில், அமைத்துக் கொடுத்துவிட்டது. 1980-ஐ ஒட்டித் தொடங்கி 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கையால் எத்தனையோ பெண் சிசுக்கள் கைவிடப்பட்டார்கள். வெளிநாட்டினர் தத்தெடுக்கச் சீனா 1990-களில் வாசலைத் திறந்தது. 2024-இல் அதை மூடும்வரை 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி நாடு கடந்தார்கள். சிலர் கனடாவின் மாண்ட்ரியலில் பிரெஞ்சு பேசும் வீடுகளுக்குப் போனார்கள். போகும்போது சராசரி வயது 13 மாதம்கூட இல்லை. அதன்பின் காதில் விழுந்தது பிரெஞ்சு மட்டுமே. சீனத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது.

மாக்கில் பல்கலைக்கழகத்தின் லாரா பியர்ஸ், டெனிஸ் கிளைன், ஃபிரெட் ஜெனசி குழு, 9 முதல் 17 வயதுக்குள் இருந்த இந்தப் பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சீனத் தொனிகளைக் கேட்கச் செய்தது. சீனத்தில் ஓர் அசையை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். சீனமே தெரியாத பிரெஞ்சுப் பிள்ளைகளின் மூளை அந்த ஏற்ற இறக்கத்தை வெறும் ஒலியாக வலது பக்கத்தில் வாங்கிக்கொண்டது. சீனம் பேசுபவர்களின் மூளை அதை மொழியாக இடது பக்கத்தில் வாங்கியது. தத்துப் பெண்களின் மூளையும் இடது பக்கத்தில்தான் வாங்கியது. 12 ஆண்டுக்கு மேல் கேட்காத மொழி, பொருள் துளிகூடப் புரியாத மொழி, ஆனாலும் மூளை அதை மொழி என்று அடையாளம் கண்டுகொண்டது. 2014-இல் இந்த முடிவு வந்தபோது துறைக்கு உள்ளேயே பலர் வியந்தார்கள். பிரான்சுக்குத் தத்துப்போன கொரியர்களிடம் 2003-இல் நடந்த ஆய்வு எந்தத் தடமும் இல்லை என்று சொல்லியிருந்தது. பிறகு, நெதர்லாந்துக்குத் தத்துப்போன கொரியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. கொரிய ஒலிகளைப் பயிற்றுவித்தபோது மற்ற டச்சுக்காரர்களைவிட அவர்கள் நன்றாக உச்சரித்தார்கள். பேச ஆரம்பிக்கும் முன்பே, ஆறு மாதத்துக்குள், ஊரை விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மாண்ட்ரியல் ஆய்வுக்கு மூன்று ஆண்டு முன்பு கென் லியு ஒரு சிறுகதை எழுதினார். சீனாவின் லான்ஜோவில் பிறந்து 11 வயதில் அமெரிக்கா வந்தவர். 'காகித மிருகக்காட்சிசாலை' என்ற பொருளில் தலைப்பு. ஹ்யூகோ, நெபுலா, உலக மிகுபுனைவு என்ற மூன்று பெரிய விருதுகளையும் அந்தக் கதை வாங்கியது. அம்மா பரிசுப்பொருள் சுற்றும் தாளை மடித்துப் புலி செய்கிறாள், ஊதினால் அதற்கு உயிர் வருகிறது. மகன் வளர்ந்ததும் அவளை ஆங்கிலம் பேசச் சொல்கிறான். அவள் திணறி, கடைசியில் பேச்சையே குறைத்துக்கொள்கிறாள். பாசத்தைச் சொல்லும் சொல்லைத் தன் மொழியில் சொன்னால் உடம்பில் ஓரிடத்திலும் ஆங்கிலத்தில் சொன்னால் வேறோர் இடத்திலும் உணர்வதாக அவள் ஒருமுறை சொல்கிறாள். ஹாரிஸின் மின்வாய்கள் விரலில் அளந்ததை அவள் கையால் தொட்டுக் காட்டுகிறாள். அவள் இறந்தபின் புலியின் உள்பக்கத்தில் சீனத்தில் எழுதிய கடிதம் கிடைக்கிறது. பஞ்சத்தில் வளர்ந்து, கலாச்சாரப் புரட்சியில் குடும்பத்தை இழந்து, ஹாங்காங்குக்கு விற்கப்பட்டவளின் கதை அது. மகனுக்குப் படிக்கத் தெரியாது. வழியில் கண்ட ஒரு பெண்ணைப் படித்துக் காட்டச் சொல்கிறான். வேண்டுமென்றே மறந்த ஒலிகள் எலும்புவரை இறங்குவதை உணர்கிறான். கதையைப் படிக்கும்போது இது மிகையோ என்று யோசிப்பவர்கள் மாண்ட்ரியல் ஸ்கேன்களை ஒருமுறை பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பின்னாளில் கற்ற மொழி என்றைக்கும் ஆறியே இருப்பதில்லை. ஜான்-மார்க் டெவேலும் அனெட்டா பாவ்லென்கோவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் திரட்டிய பதில்களில், தாய்மொழியே பலமானது என்று பெரும்பாலோர் சொன்னாலும், இரண்டாம் மொழியில் காதலித்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த மொழியும் சூடேறியிருந்தது. யியுன் லீ தன் பிள்ளைகளை அமெரிக்காவில் வளர்த்தார். 2017-இல் மூத்த மகன் தற்கொலை செய்துகொண்டான். தாயும் இறந்த மகனும் பேசிக்கொள்வதாக ஒரு நாவலை 2019-இல் வெளியிட்டார். 2024-இல் இளைய மகனும் அதேபோல் போனான்; அதைப் பற்றிய நினைவுக்குறிப்பு 2025-இல் வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில்தான். குழந்தைப் பருவத்தின் வசவுகள் எட்டாத மொழி என்று அவர் வந்து சேர்ந்த ஆங்கிலத்தில், அவருடைய ஆகப் பெரிய துயரம் நடந்திருக்கிறது, அதன் சொற்களும் அந்த மொழியின் சொற்களே. 1996-இல் அயோவாவில் வந்து இறங்கியபோது அந்த மொழி அவருக்குத் தந்த தூரம் இந்த இரண்டு நூல்களில் இல்லை. முதல் தொகுப்பையும் இவற்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது தெரியும்.